வேடிக்கை பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கேள்வி:

மேடம், வணக்கம். நாங்கள் சேலத்தில் சிவதாபுரம் பக்கம் இருக்கிறோம். வீட்டின் முன்பக்கமே கொலுசுப் பட்டறை. ஒரே பையன், 10-ஆம் வகுப்பு படிக்கிறான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் போன் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை. இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை போர்வைக்குள் போன்தான். முன்பெல்லாம் அப்பாவுக்குக் கூடமாட வேலை செய்வான். தீபாவளிக்குப் பிறகு பட்டறைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது, பஸ் ஸ்டாப்பில் கூடப் படிக்கிற பையனை எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் அடித்துவிட்டான். அந்தப் பையனுக்குப் புருவத்துக்கு மேல் 4 தையல். இத்தனைக்கும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவன். விசாரித்தால், எங்கள் பையன் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொலுசைத் தன் காலில் மாட்டியதை அவன் வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் விட்டிருக்கிறான். பஸ் ஸ்டாப் அடிதடியையும் நின்றவர்கள் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். பள்ளியில் 10 நாள் வரவேண்டாம் என்றார்கள், இப்போது டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்தும் கூப்பிட்டார்கள். அவன் அப்பா ஆத்திரத்தில் போனைச் சுத்தியலால் உடைத்துவிட்டார். அவர் மேலேயே கை ஓங்கினான். "நான் செத்துட்டா உங்களுக்கு நிம்மதிதானே" என்கிறான். சொந்தக்காரர்கள் சிலர், அடிபட்ட பையன் வேறு ஆளுங்க, நாம் இறங்கிப் போகக் கூடாது என்கிறார்கள்.

இவன் போனுக்கு அடிமையா? ரவுடியாகிவிடுவானா? என் தம்பி ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கிறான், டவரே கிடைக்காத இடம். அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா? அந்தப் பையன் வீட்டுக்குப் போய், அவன் தங்கைக்கு ஒரு ஜோடி கொலுசு கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் அவரும் நினைக்கிறோம். சரிதானா டாக்டர்?

– ஒரு தாய், சேலம்

பதில்:

அம்மா, வணக்கம்.

கடிதம் கிடைத்த அன்று மாலையே உங்களோடு போனில் பேசினேன். ஆறப்போடக் கூடாத ஒரு வரி அதில் இருந்தது. அன்றைக்கு அவசரத்தில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இப்போது நிதானமாக எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிவிட்டேன். அப்புறம், என்னை டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருந்து எழுதித் தருபவள் அல்ல, பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகர். இது எதற்கு முக்கியம் என்று கீழே வரும்.

முதலில் அந்த வரி. "நான் செத்துட்டா உங்களுக்கு நிம்மதிதானே." சும்மா மிரட்டுகிறான் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். மிரட்டலாகவே இருக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் யோசித்துத்தான் விபரீதம் செய்வார்கள் என்பதில்லை. ஒரு ராத்திரியின் ஆத்திரத்தில் செய்துவிடுகிறார்கள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகவே கேளுங்கள்: "சாகணும்னு நினைப்பு வருதா கண்ணு? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பட்டறையில் அமிலமும் வேறு ரசாயனங்களும் இருக்கும். அவற்றை இன்றைக்கே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு அவன் தனி அறையில் கதவைத் தாழிட்டுப் படுக்கவேண்டாம். 14416 என்பது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. நீங்கள் கேட்டதற்கு அவன் "ஆமாம்" என்று சொன்னால், பகலானாலும் இரவானாலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். "இல்லை" என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் அவனைப் பார்ப்பது நல்லது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று சோதித்து, தேவைப்பட்டால் மருந்து தரும் வேலை அவர்களுடையது, என்னுடையது அல்ல.

சரி, இனி மற்றவை.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தீபாவளிக்குப் பிறகு பட்டறைக்கு வருவதில்லை என்பதை ஒரு குறையாகவும், ரீல்ஸ் விஷயத்தை வேறொரு குறையாகவும் தனித்தனியே எழுதியிருக்கிறீர்கள். அந்த ரீல் எப்போது வந்தது என்று போனில் கேட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரித்து, தீபாவளி லீவில் என்று சொன்னீர்கள். இரண்டும் ஒரே கதைதான் அம்மா. சிறு வயதிலிருந்து பெருமையாகச் செய்த வேலையில் இருக்கும்போது, வீட்டுக்கு வந்து போகும் சிநேகிதனே அதைப் படமெடுத்துக் கேலிப்பொருளாக்கிவிட்டான். ஆம்பளைப் பையன் காலில் கொலுசு. அதற்குக் கீழே வகுப்பே சிரித்திருக்கிறது. அதன் பிறகு அந்தப் பட்டறைக்குள் அவன் எப்படி வந்து உட்காருவான்? சோம்பேறித்தனம் என்று நினைத்து நீங்கள் திட்டியிருக்கிறீர்கள். ஏன் வரவில்லை என்று சொன்னால் வீடியோவைக் காட்டவேண்டும். அதை அப்பாவிடம் எப்படிக் காட்டுவான்?

நான் அவனோடு பேசவில்லை. அன்றைக்குப் போனைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டான். ஆகவே இதெல்லாம் என் ஊகம்தான். ஆனாலும் நள்ளிரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் அவன் சினிமா பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். யார் யார் அந்த ரீலைப் பார்த்தார்கள், யார் கீழே சிரிப்புப் பொம்மை போட்டார்கள், யார் தன் ஸ்டோரியில் எடுத்துப் போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.

போனில் உங்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு விநோதமாக இருந்தது. அந்த பஸ் ஸ்டாப் வீடியோவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டேன். "இருபது பேர் இருக்கும் மேடம், பாதிப் பேர் கையில் போன்" என்றீர்கள். எனக்கு அந்த இருபது பேர்தான் முக்கியம்.

நான் நம்ம சேலத்துக் குகைப் பகுதியில் வளர்ந்தவள். என் அண்ணன் வாரம் ஒரு சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு வருவான். அப்போதும் கேலி உண்டு, பட்டப்பெயர் உண்டு, மண்டை உடைந்ததும் உண்டு. வாத்தியார் பிரம்பும் உண்டு, அதை நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பத்துப் பேர். மணி அடித்தால் அவர்கள் வகுப்புக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் கேலி வாசலோடு நின்றுவிடும். மறுநாள் இரண்டு பேரும் ஒரே மாங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்கு வேடிக்கை பார்த்த கூட்டம் கலைவதில்லை. அது உங்கள் பையனோடு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, அவன் போர்வைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

கூட்டம் பார்க்கும்போது இந்த வயது மூளை வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம். 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், கல்லூரி வயதினர், பெரியவர்கள் என மூன்று பிரிவு. தனியாகவும் ஆடவைத்தார்கள், நண்பர்களோடும் ஆடவைத்தார்கள். நண்பர்கள் கூட இருந்தபோது எல்லாருமே கூடுதலாகத் துணிந்தார்கள். சிறுவர்களிடம் அந்த ஏற்றம் பெரியவர்களைவிட அதிகம். 2016-ல் கலிஃபோர்னியாவில், இன்ஸ்டாகிராம் மாதிரியே படங்களைக் காட்டி, பதின்வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். நிறைய லைக் வாங்கிய படம் என்று காட்டினால் அதற்கு அவர்களும் லைக் போட்டார்கள், அது சிகரெட், குடி சம்பந்தமான படமாக இருந்தாலும். பலன் கிடைக்கும்போது துள்ளும் மூளைப் பகுதி அப்போது துள்ளியது. நிதானத்துக்கான முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆக, ஆக்சிலரேட்டர் வேலை செய்கிறது, பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை. இந்த நேரத்தில் சுற்றி இருபது பேர் நின்று "போடுறா" என்று கத்துகிறார்கள்.

போன வருஷம் இங்கே ஒரு பள்ளியில் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். சண்டையை வீடியோ எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். வெட்கமே இல்லாமல் பாதி வகுப்பு தூக்கியது. சண்டையை விலக்கிவிட்டவர்கள் யார் என்றேன். ஒரே ஒரு கை பாதி எழுந்து இறங்கிவிட்டது. இடைவேளையில் அந்தப் பையனைத் தனியாகக் கேட்டேன். "பிரிச்சுவிட்டா பூமர்னு சொல்வாங்க மேடம். அப்புறம் நம்ம மேல மீம் வரும்" என்றான். அடித்தவனை டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால், கை தூக்கிய அந்தப் பாதி வகுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த சம்பவத்துக்குத் தயாராக. 'சம்பவம்' என்ற சொல்லே பிள்ளைகள் வாயில் இப்போது ஆளை அடிப்பது என்று பொருள்மாறிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள்.

அடிமையா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022-ல் புதிய பதிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாக இருக்கிறது. அதற்கும் வாழ்க்கை குலைந்த நிலை சாதாரணமாக 12 மாதமாவது நீடித்திருக்கவேண்டும் என்கிறார்கள். சமூக ஊடகம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது. பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் 2014-லேயே இதற்கென்று தனி கிளினிக் தொடங்கினார்கள். எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்பதைவிட, அதனால் எது எது நின்றுபோயிற்று என்றுதான் நான் கேட்பேன். உங்கள் பையனுக்குத் தூக்கம் நின்றுபோயிருக்கிறது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரண்டு மணிக்குக் கண்ணை மூடி ஆறரைக்கு எழுந்து பஸ் பிடிக்கிறவனுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. இரண்டு மாதம் அப்படி இருந்தால் உங்களுக்கும் எனக்கும்கூடக் கை நீளும். அடிமை என்ற பட்டத்தை இப்போதைக்கு ஒட்டவேண்டாம். ரீல் வருவதற்கு முன்பும் இரவு முழுக்க இப்படித்தானா, தெருவில் கிரிக்கெட், சாப்பாடு, படிப்பு எல்லாம் அப்போதே போய்விட்டதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். மருத்துவர் கேட்பார்.

ரவுடி ஆகிவிடுவானா என்ற பயத்துக்கு ஓரளவு தெம்பாகவே பதில் சொல்லலாம். டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் 1993-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. பதின்வயதில் வம்பு செய்யும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்த வயதோடு அதைக் கடந்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அடிதடி, வாயில்லா ஜீவன்களைத் துன்புறுத்துவது, செய்ததற்கு வருத்தமே இல்லாமை என்று வருகிற சிறு கூட்டம் வேறு. உங்கள் பையன் அந்த வகையாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள். சண்டைக்கு முந்தின நாள் தன் ஸ்டோரியில் கத்திப் பொம்மை போட்டு "நாளைக்கு இருக்கு" என்று எழுதியிருந்தான் என்றீர்கள். பையில் நிஜமாகவே ஏதாவது வைத்திருந்தானா? வைத்திருந்தால் கோபப்படாமல் வாங்கிக்கொண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தவிர, அந்த ஸ்டோரியை ஒரு நாள் முழுக்க எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! பார்த்தவர்களில் ஒருவராவது ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லியிருந்தால் 4 தையல் மிச்சம்.

உங்கள் வீட்டுக்காரர் போனை உடைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு, அவர்மேல் கோபம் இல்லை. இராப்பகலாகச் சலங்கை பற்றவைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிக் கொடுத்தது, அதுவே வீட்டைக் கெடுத்துவிட்டது என்ற ஆற்றாமை அது. ஆனால் போன் உடைந்ததால் கூட்டம் கலையவில்லை. அது என்ன பேசுகிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாதபோது கற்பனை இன்னும் மோசமாக ஓடும். இல்லாவிட்டால் யாருடைய போனிலாவது தன் ஐடியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அதனால் ஒருமுறை உங்கள் போனில், நீங்களும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து திறங்கள். அப்பா அப்போது இல்லாமல் இருப்பது நல்லது. அவனை அறிவுரையால் அடிக்காமல் பாருங்கள். அந்த முதல் ரீல் இன்னும் இருந்தால், அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யார் போட்டது என்று பெயரும் தேதியும் தெரியும்படி. அதன் பிறகு அங்கேயே அதை ரிப்போர்ட் செய்யுங்கள், சண்டை வீடியோவையும் அப்படியே. எடுக்க மறுத்துத் தொடர்ந்து பரப்பினால் 1930 என்ற சைபர் குற்ற எண் இருக்கிறது. முடிந்ததும் அவன் ஐடியை நீக்கவேண்டியதில்லை, தற்காலிகமாக முடக்கி வைக்கும் வசதி இருக்கிறது. முடக்கும் பொத்தானை அவன் விரலே அழுத்தட்டும்.

போனைத் திரும்பக் கொடுப்பதா? கொடுக்கத்தான் வேண்டும், பொதுத்தேர்வுக்குப் பிறகு. அதுவரை பட்டன் போன் போதும். கொடுக்கும்போது பிறந்த ஆண்டைச் சரியாகப் போட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் 2024-ல் 'டீன் அக்கவுண்ட்' கொண்டுவந்தார்கள். அதில் ஐடி பூட்டியே இருக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை சத்தம் வராது, 16 வயதுக்குள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே 1999-ல் பிறந்தவர்கள்! அப்புறம், இரவு பத்து மணிக்கு எல்லாப் போனும் பட்டறை மேசையில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போனும் என்றால் அப்பாவுடையதும்தான். அவர் வேலை செய்துகொண்டே நள்ளிரவு வரை யூடியூப் ஓடவிடுவார் என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அவனுடைய சாட் மெசேஜ்களை ரகசியமாகப் படிக்காதீர்கள். ஒருநாள் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த அவமானத்தையும் உங்களிடம் கொண்டுவரமாட்டான்.

பள்ளி விஷயத்தில் கொஞ்சம் உறுதியாக நில்லுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 8-ஆம் வகுப்பு முடியும்வரைதான் பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று காப்பாற்றுகிறது, உங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான். ஆனால் பொதுத்தேர்வு வருஷத்தின் நடுவில் நீங்களாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியரைப் பார்த்து, பையன் செய்தது தப்பு என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். "அவன் செஞ்சதுக்குத்தான் இவன் அடிச்சான்" என்று வழக்காடவேண்டாம், நடந்தது முழுசாகத் தெரியட்டும் என்று காட்டினால் போதும். வீடியோ எடுத்த மற்ற பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம், 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை எண்ணிலும் சொல்லலாம். ஒரு பள்ளியில் நானே இப்படிப் பேசப் போய், "எங்க ஸ்கூல் பேர் கெட்டுப்போச்சு, அதுக்கு முதல்ல வழி சொல்லுங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே ஒரே நடையில் முடியாது என்று தெரிந்தே போங்கள்.

ஸ்டேஷனில் கூப்பிட்டால் அவனைத் தனியே அனுப்பாதீர்கள், நீங்களோ அவரோ கூடவே இருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான். லாக்கப்பில் வைக்கக் கூடாது. இந்த மாதிரி சிறு குற்றங்களில் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடாமல் நாட்குறிப்பில் பதிந்து, வீட்டுச் சூழல் பற்றிய அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவிப்பார்கள். அங்கே ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள். தண்டிப்பதைவிடத் திருத்துவதுதான் அவர்கள் வேலை. இலவசமாக வக்கீல் உதவி வேண்டுமென்றால் சேலம் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. அந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதையே குற்றம் என்கிறது. வீடியோவைப் பரப்புகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், பாதிப் பேர் பயந்து அழித்துவிடுவார்கள்.

இனி, கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது. "வேறு ஆளுங்க, நாம் இறங்கிப் போகக் கூடாது."

இரண்டு சிநேகிதர்களுக்குள் நடந்தது. அதில் இரு பக்கத்துப் பெரியவர்களும் சாதியை நுழைத்தால், இருபது பேர் கூட்டம் இருநூறு பேர் ஆகிவிடும், அதில் வளர்ந்தவர்களும் இருப்பார்கள். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். 12-ஆம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிக்குள் செல்போன் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. உங்கள் வீட்டு விஷயம் அந்த அளவு அல்ல. அந்த அளவுக்குப் போகாமல் நிறுத்துவது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அந்த வீடியோ வந்திருந்தால் முதல் ஆளாக நீங்களே "அழிச்சிடுங்க, இது பசங்க சண்டை, நாங்க பேசி முடிச்சுக்கறோம்" என்று எழுதுங்கள். நீங்கள் கூச்சப்பட்டால் உங்கள் வீட்டுக்காரர் வாய்ஸ் மெசேஜ் போடட்டும். அவர் குரலுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்றால் அதுவே நல்லது.

ஏற்காட்டுக்கு வருகிறேன். உங்கள் தம்பி வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது அவனை மட்டும் கொண்டுபோய் விட்டால், வீட்டை விட்டே துரத்திவிட்டார்கள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். சாகிற பேச்சுப் பேசும் பிள்ளையை, அவசரத்துக்குப் பெரியாஸ்பத்திரி வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டிய இடத்தில் விடவும் எனக்குத் துணிவில்லை. டவர் கிடைக்காத இடம் என்கிறீர்கள். ஏற்காட்டில் பையன்களுக்கு எந்தப் பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு வரும் என்று நன்றாகவே தெரியும்! பத்து நாள் கழித்து இறங்கி வந்தால் அதே வகுப்பு, அதே பஸ் ஸ்டாப். பொங்கல் லீவில் பட்டறையைப் பூட்டிவிட்டு மூன்று பேருமாகப் போங்கள். இது காப்பிப் பழம் பறிக்கும் காலம். மாமாவோடு காலையில் தோட்டத்துக்குப் போய்க் கூடை தூக்கினால் ராத்திரி ஒன்பதுக்குத் தானாகவே தூக்கம் வரும். அங்கே யாரும் எதைப் பற்றியும் கேட்கவேண்டாம் என்று தம்பியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பட்டறைக்கு வா என்று வற்புறுத்தாதீர்கள். அந்த வீடியோவை நீங்கள் பார்த்துவிட்டது அவனுக்கு இப்போது தெரியும். அதைப் பற்றி அவன் அப்பா ஒரே ஒரு தடவை பேசவேண்டும். கொலுசை மாட்டிப் பார்க்காமல் கொக்கி பார்க்க முடியாது, நானும் அந்த வயசில் அப்படித்தான் பார்த்தேன் என்கிற மாதிரி, வேலைப் பேச்சாகவே. போனை உடைத்ததும் தப்புதான் என்று அதோடு சேர்த்துச் சொல்ல அவருக்கு மனம் வந்தால் இன்னும் நல்லது. அடித்தது தப்பு என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே பேச்சில் இருங்கள். பாட்டில் இரண்டு விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அது அவனுக்குத் தெரியவேண்டும்.

கடைசியாக, அந்தப் பையன் வீட்டுக்குப் போவது. கட்டாயம் போங்கள். வைத்தியச் செலவைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஊர்ப் பெரியவர், மாமன் மச்சான் என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது பஞ்சாயத்து ஆகிவிடும், மறுபடியும் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். நீங்கள் இரண்டு பேர், பையன், அவ்வளவுதான். வருகிறோம் என்று அவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு, ஒரு சாயங்கால வேளையில் போங்கள். மனப்பாடம் செய்த வசனம் எதையும் பையனைச் சொல்லவைக்கவேண்டாம். "வலிக்குதாடா" என்று கேட்டாலே போதும். அந்தப் பையன் ரீலுக்காக ஏதும் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் அன்றைக்கு நீங்கள் கேட்கவேண்டாம். அவர்கள் கோபமாக நாலு வார்த்தை சொல்வார்கள். பிள்ளைக்கு முகத்தில் தையல், சொல்லத்தான் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலுசு வேண்டாம் அம்மா. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, உங்கள் கையால் செய்ததைவிடப் பெரிதாக உங்களிடம் என்ன இருக்கிறது. ஆனால் வெள்ளியை நீட்டினால் காயத்துக்கு விலை பேசுகிற மாதிரி அவர்களுக்குத் தோன்றிவிடும். அந்தக் கொலுசை வைத்துத்தான் எல்லாமே தொடங்கியது என்பதால் உங்கள் பையனும் கூசிப்போவான். பழம் வாங்கிக்கொள்ளுங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், மூன்று பேரும்.